இறங்காமல் போன ஆறு தெரு

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. உரிமம் கிடைக்கும் முன்பே உங்களை உளவியலாளர் என்று நீங்களோ பிறரோ ஊரறியக் காட்டியது உண்டா? எல்லோரும் யோசிக்காமல் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டுக் கையெழுத்துக்குத் தாவும் கேள்வி அது. மார்னி ஓஸ்ட்பி 'ஆம்' என்ற கட்டத்தில் குறி போட்டாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. ஊர் வாரப் பத்திரிகையின் முதல் பக்கத்தைக் கத்தரித்து, இணைப்பு என்று மேலே எழுதி, அதையும் சேர்த்துத் தலைநகருக்கு அனுப்பிவிட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று டார்லீன் கேட்டாள். கேட்டு முடித்த பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. வில்லோ ஃபோர்க்கில் இருக்கும் ஒரே காபிக் கடை அவளுடையது. அங்கே சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கும் வழக்கம் கிடையாது.

"கேட்டிருக்காங்க. நடந்திருக்கு. எழுதினேன்," என்றாள் மார்னி.

"போர்டு எழுதினது நான். பெயிண்ட் என்னோடது, பலகை என்னோடது. உனக்கு என்ன வந்துச்சு?"

"அதையும் எழுதியிருக்கேன். விழாக் கமிட்டி செஞ்சதுன்னு. உங்க பேரைப் போடலை."

"போட்டிருக்கலாம்," என்றாள் டார்லீன், நிஜமான வருத்தத்தோடு. "தூக்கம் வராம மூணு ராத்திரி உக்காந்து எழுதினது. எழுத்து எவ்வளவு அழகா வந்திருந்துச்சு."

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், கோதுமைக்கும் காற்றுக்கும் நடுவே ஆயிரத்து நூறு பேர் வாழும் ஊர் வில்லோ ஃபோர்க். மனக்கஷ்டம் என்று யாராவது ஒரு உளவியலாளரைப் பார்க்க வேண்டுமானால் மூன்று மணி நேரம் காரோட்டிப் போக வேண்டும். போகிற மனநிலையில் இருப்பவனுக்கு அங்கே போக வேண்டிய அவசியமே இருக்காது. அப்படிப்பட்ட ஊருக்கு அந்த ஊர்ப் பெண்ணே டாக்டர் பட்டத்தோடு திரும்பி வந்தால் ஊர் சும்மா இருக்குமா? பதினாறு வயதில் தானிய லாரியைக் கூட்டுறவுக் கிடங்கின் சுவரில் கொண்டுபோய் முட்டியவள் என்று அதுவரை அவளைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இப்போது நம்ம ஊர் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

அந்த ஒரு வார்த்தையில்தான் வம்பு. பட்டம் வாங்கிவிட்டால் போதாது. ஒரு மூத்த உளவியலாளரின் கண்காணிப்பில் இத்தனை ஆயிரம் மணி நேரம் வேலை பார்த்துக் கணக்குக் கொடுக்க வேண்டும். இருநூற்று இருபத்தைந்து கேள்விகள் கொண்ட தேர்வில் தேற வேண்டும். மாநிலச் சட்டத்துக்குத் தனியாக ஒரு தேர்வு. இவை முடிந்து மாநில உளவியலாளர் வாரியம் உரிமம் கொடுக்கும்வரை அந்த வார்த்தையைத் தன் பெயரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது. மார்னி எல்லாவற்றையும் முதல் முயற்சியிலேயே முடித்திருந்தாள். தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தபோதே தேறிவிட்டோம் என்று அவளுக்குத் தெரியும். தன்னடக்கம் அவள் பாடத்திட்டத்தில் இல்லை. அவளுக்கு மிச்சமிருந்தது வாரியத்தின் கையெழுத்து ஒன்றுதான். அவளுடைய தற்காலிக அனுமதி ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு முடிகிறது. வாரியம் அதற்குள் கூடுவது ஒரே ஒரு முறை. அதைத் தவறவிட்டால் அடுத்தது நவம்பர். நடுவில் இரண்டரை மாதம் அவள் அறையைப் பூட்ட வேண்டும். அவளிடம் வந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்று பேரும் நடுத்தெருவில் நிற்க வேண்டும்.

அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவர் லைல் ட்வெட்டன்.

ஐம்பத்தாறு வயது. அப்பாவும் தாத்தாவும் வளர்த்த மாட்டு மந்தையை, இரண்டு வருட வறட்சிக்குப் பிறகு, கடைசி மாடுவரை விற்றவர். அன்றிலிருந்து அவர் ஊருக்குள் வருவதை நிறுத்திவிட்டார். போன் எடுப்பதில்லை. சர்ச் கிடையாது. காபி கிடையாது. சாமான் வாங்கக்கூட நாற்பது மைல் தள்ளி வேறு ஊருக்குப் போனார். அங்கே அவர் முகத்தைப் பார்த்து யாரும் மாடுகளைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். ஜனவரியிலிருந்து வியாழக்கிழமை இரண்டு மணிக்கு மட்டும், மருத்துவ நிலையத்தின் பின்வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்வாசல் வழியாகவே மார்னியின் அறைக்கு வருவார். இது ஊருக்குள் அவர்கள் இருவருக்கும் அந்த நிலையத்துக்கும் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

தெரியாமல் பார்த்துக்கொள்வது அந்த ஊரில் லேசுப்பட்ட காரியமில்லை. எதிரே வருகிற வண்டிக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் காட்டாவிட்டால் அங்கே ஒருவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். மார்னியோ தன்னிடம் வருபவர்களை வெளியில் பார்த்தால், அவர்கள் முதலில் முகம் கொடுத்தால் ஒழியத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. சிலருக்கு விரல் தூக்கி, சிலருக்குத் தூக்காமல் போனால் ஒரே வாரத்தில் ஊர் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடும். அதனால் அவள் யாருக்குமே முதலில் விரல் தூக்குவதில்லை என்று முடிவு செய்தாள். ஓஸ்ட்பி பொண்ணுக்குப் படிச்சதும் தலைக்கனம் ஏறிடுச்சு என்று ஊர் சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை லைல் தாமாகவே ஒன்று சொன்னார்.

"ஜூலை நாலு ஊர்வலத்துல அப்பாவோட பழைய டிராக்டரை ஓட்டலாம்னு இருக்கேன். ஆறு தெரு. ரெண்டு பக்கமும் எல்லாரும் இருப்பாங்க. ஒரு தடவை போய்ட்டா அப்புறம் சரியாயிடும்னு தோணுது."

"தோணுறது நல்லாத்தான் இருக்கு," என்றாள் மார்னி.

"ஆனா ஒண்ணு. நடுவுல நின்னா நான் மறுபடி கிளம்ப மாட்டேன். டிராக்டரைச் சொல்லலை. என்னைச் சொல்றேன்."

சுதந்திர தினமான ஜூலை நான்கு வந்தது. டார்லீன்தான் விழாக் கமிட்டித் தலைவி. தீயணைப்பு வண்டி, குதிரைகள், குதிரைகளுக்குப் பின்னால் சாணி அள்ள ஒருவர், அதற்குப் பின்னால் பள்ளிக்கூட வாத்தியக் குழு என்று வரிசை நின்றது. அந்த வரிசையில் வைக்கோல் கட்டுப் போட்ட ஒரு தட்டையான டிரெய்லரில் மார்னியை ஏற்றிவிட்டு, கையில் ஒரு வாளி மிட்டாயையும் கொடுத்தாள். ஏறி உட்கார்ந்த பிறகுதான் மார்னி கவனித்தாள், முன்னால் டிராக்டரில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது லைல். எந்த டிராக்டர் எந்த டிரெய்லரை இழுப்பது என்பதை டார்லீன் காலையில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்திருந்தாள். நான் இதில் வரவில்லை, வேறு வண்டி கொடுங்கள் என்றால், ஏன் என்று இருபது பேர் முன்னால் அவள் கேட்பாள். மார்னி வாயை மூடிக்கொண்டாள். லைல் திரும்பவே இல்லை. அவர் கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

இரண்டாவது தெருவில் வங்கிக் கட்டடத்தின் பெரிய கண்ணாடியைத் தாண்டும்போது அவள் தன்னைப் பார்த்தாள். தன் காலுக்குக் கீழே, தான் ஏறாத பக்கத்தில், டிரெய்லரில் தொங்கிய பலகையையும் பார்த்தாள். எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தாலும் படித்துவிட முடிந்தது. டாக்டர் மார்னி ஓஸ்ட்பி, நம்ம ஊர் சைக்காலஜிஸ்ட். ஒவ்வொரு எழுத்தும் ஒரு அடி உயரம்.

ஒரு சத்தம் போட்டால் டிராக்டர் நின்றுவிடும். இறங்கிவிடலாம். ஆனால் நடுத்தெருவில், அத்தனை கண்களும் பார்க்க, என்ன ஆச்சு லைல், ஏன் நிறுத்திட்டே என்று நாலு பேர் ஓடி வர, அந்த மனிதர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். அவள் சத்தம் போடவில்லை. டி-ஷர்ட்டுக்கு மேல் போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் குனிந்து, பலகையின் மேல் தொங்கவிட்டு, அது விழாமல் காலால் அழுத்திக்கொண்டாள். கையால் மிட்டாயை வீசினாள். மிச்சம் நாலு தெருவும் அப்படியே போனாள். ஆனால் பத்திரிகைக்காரர் முதல் தெருவிலேயே படம் எடுத்து முடித்திருந்தார். படத்தில் டிராக்டர், தொப்பி போட்ட லைல், மிட்டாய் வீசும் மார்னி, இரண்டு பக்கமும் நாற்பது பேர், நடுவில் அந்தப் பலகை, எல்லாமே பளிச்சென்று விழுந்திருந்தன.

ஆறாவது தெருவின் கோடியில் லைல் வண்டியை நிறுத்தியபோது அவரைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். யாரோ அவர் கையில் ஒரு பீரைத் திணித்தார்கள். அவர் அதை வாங்கிக் குடித்தார். அடுத்த வாரம் டார்லீன் கடைக்கே காபி குடிக்க வந்துவிட்டார்.

வாரியத்தின் கடிதம் ஆகஸ்ட் முதல் வாரம் வந்தது. இணைக்கப்பட்ட படம் குறித்து நேரில் வந்து விளக்கவும். இறங்க வாய்ப்பிருந்தும் ஏன் இறங்கவில்லை என்பதைத் தெளிவுபடுத்தவும்.

மார்னியைக் கண்காணித்தவர் டாக்டர் பிரியானா பெல்டியர். இருநூறு மைல் தொலைவிலிருந்து வாரம் ஒருமுறை திரையில் வருவார். மார்னியைவிட ஐந்து வயது இளையவர். அதை இருவரும் வசதியாக மறந்துவிட்டிருந்தார்கள். தன்னிடம் வரும் மற்றவர்களைப் பற்றி மார்னி பெயர் சொல்லாமல் பேசினாலும், அந்த டிராக்டர் விஷயம் முழுவதும் அவருக்குத் தெரியும். தெரிந்தாக வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

"ரொம்ப சுலபம்," என்றார் பிரியானா. "வியாழக்கிழமை வர்றாரு இல்ல, அவர்கிட்ட ஒரு சம்மதக் கையெழுத்து வாங்கிடு. வாரியத்துகிட்ட சொல்லலாம்னு. சட்டப்படி சரி."

"கேட்டா உடனே போட்டுடுவாரு."

"அப்புறம் என்ன?"

"அந்த ஊர்வலத்துக்கு அப்புறம்தான் ஊருக்குள்ள வர ஆரம்பிச்சாரு. அது என் தலையில வந்து விழுந்துச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சா மறுபடி உள்ளே போயிடுவாரு. நான் கேக்க மாட்டேன்."

"பேர் சொல்லாம சொல்லேன்."

"படம் அவங்க கையில இருக்கு, பிரியானா. நானே அனுப்பினேன். ஓட்டினவர்னு வாயைத் திறந்தாலே பேரைச் சொன்ன மாதிரிதான்."

பிரியானா திரையை நோக்கிக் குனிந்தார். பிறகு, "அப்போ லைசென்ஸ்?" என்று கேட்டார்.

"கொடுப்பாங்க," என்றாள் மார்னி. "ஆனா எப்படின்னு மட்டும் எனக்குத் தெரியலை." அன்று மாலை அவள் நாற்பத்து மூன்று பேரின் தொலைபேசி எண்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துவைத்தாள். எழுதும்போது அவளுக்குப் பயமாக இருந்தது. தனக்காக அல்ல, இரண்டரை மாதம் தாக்குப்பிடிப்பார்களா என்று தெரியாத இருவருக்காக: பட்டியலில் பதினேழாவதாக இருந்த பெயருக்காகவும் முப்பதாவதாக இருந்த பெயருக்காகவும்.

தலைநகர் ஹெலீனாவுக்குக் காரில் ஏழரை மணி நேர ஓட்டம். முதல் நாளே போய் ஒரு விடுதியில் தங்கி, காலையில் நன்றாக முட்டையும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு, வாரியத்தின் முன் உட்கார்ந்தாள். ஐந்து பேர் இருந்தார்கள். தலைவர் டாக்டர் கோரின் மேயூ, நரைத்த முடியை ஒட்ட வெட்டிய பெண்மணி. ஓரத்தில் கிளின்ட் யெகர். அவர் உளவியலாளர் அல்ல, பொதுமக்கள் சார்பில் வாரியத்தில் இருப்பவர். தன் ஊரில் மாட்டு ஏலம் விடுபவர். கோட்டுக்குக் கீழே காலில் மாட்டுக்காரர் பூட்ஸ்.

படிப்பு, பயிற்சி, மதிப்பெண் எல்லாவற்றிலும் ஒரு குறையும் இல்லை என்று மேயூ வாசித்து முடித்தார். பிறகு படம் மேசை நடுவுக்கு வந்தது. யெகர்தான் ஆரம்பித்தார்.

"எங்க ஊர்வலத்துல நான் பதினோரு வருஷம் வண்டி மேல உக்காந்து போயிருக்கேன், டாக்டர். ஒரு குரல் கொடுத்தா டிராக்டர் நிக்கும். நீங்க ஏன் கொடுக்கலை?"

"கொடுத்திருக்கலாம். கொடுக்கலை."

"கைதட்டினது பிடிச்சிருந்துச்சோ?"

"பிடிச்சிருந்துச்சு," என்றாள் மார்னி. "ஆனா காரணம் அது இல்லை."

"எதுதான் காரணம்?"

"காரணம் இருக்கு. அதைச் சொல்ற உரிமை என்கிட்ட இல்லை."

மேயூ கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொல்லலைன்னா இதை நவம்பருக்குத் தள்ளி வெச்சு விசாரிக்க வேண்டி வரலாம். உங்க அனுமதி எப்போ முடியுதுன்னு தெரியும் இல்லையா?"

"முப்பத்தொண்ணாம் தேதி. நாற்பத்து மூணு பேருக்கு நானே போன் பண்ணிச் சொல்லணும். நம்பர் எல்லாம் எழுதி எடுத்து வந்திருக்கேன்." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தள்ளி வெச்சாலும் நவம்பர்ல இதே பதில்தான் சொல்வேன்."

யெகருக்குப் பொறுக்கவில்லை. படத்தை இழுத்து, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "சட்டையைப் போட்டு மறைச்சதா எழுதியிருக்காங்க. மறைக்கத் தெரிஞ்சவங்களுக்கு நிறுத்தச் சொல்லத் தெரியலையாம். இந்த டிராக்டர்ல உக்காந்திருக்கறது யாரு, அந்த ஆளையே கூப்பிட்டுக் கேட்டா..."

மேயூவின் கை நீண்டது. யெகரின் விரல்களிலிருந்து படத்தை மெதுவாக உருவி எடுத்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அதன்மேல் தன் கையையும் வைத்துக்கொண்டார்.

"கிளின்ட், இந்தப் படத்துல நாற்பது பேருக்கு மேல இருக்காங்க," என்றார். "இவங்க நமக்கு பதில் சொல்லிட்டாங்க. அவங்கள்ல யாரைப் பத்தியும் இனிமே இந்த அறையில ஒரு வார்த்தை வேண்டாம்."

யெகர் அவரைப் பார்த்தார். பிறகு மார்னியைப் பார்த்தார். அவள் முகத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் காது மடல் சிவந்துவிட்டது.

"எனக்கு வேற கேள்வி இல்லை," என்றார்.

இருபது நிமிடம் வெளியே உட்காரவைத்தார்கள். மார்னி கொண்டுவந்த சாண்ட்விச்சை முழுவதும் தின்று முடித்தாள். உள்ளே கூப்பிட்டபோது ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். ஒருமனதாக உரிமம். கூடவே ஒரு எச்சரிக்கைக் கடிதம், அடுத்த முறை வண்டியில் ஏறும் முன் பலகையைப் படிக்கவும் என்று. திரும்பும் வழியில், மனிதர் நடமாட்டமே இல்லாத ஒரு இடத்தில் காரை நிறுத்தி, வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்த மாடுகளைப் பார்த்து, "நான் சைக்காலஜிஸ்ட்" என்று சத்தமாகச் சொன்னாள். சட்டப்படி அவள் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. ஒரு மாடு தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

சனிக்கிழமை காலை டார்லீன் அவளுக்காக ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டை உள்ளே வைத்து ஒரு இனிப்பு சுட்டு வைத்திருந்தாள். கடையில் பன்னிரண்டு பேர். லைல் கவுன்டரின் கோடியில் காபியோடு உட்கார்ந்திருந்தார். டார்லீன் அந்த இனிப்பை வெட்டிக்கொண்டே ஊருக்குச் செய்தி வாசித்தாள்.

"என் போர்டுக்காக இவளை ஏழரை மணி நேரம் ஓட்ட விட்டிருக்காங்க. கூட்டக் குறிப்பை இன்டர்நெட்டுல போட்டிருக்காங்க. ஏன் இறங்கலைன்னு கேட்டாங்களாம். இவ சொல்லலையாம். லைசென்ஸே போனாலும் சொல்ல மாட்டேன்னு உக்காந்திருந்தாளாம். என்கிட்டயும் சொல்லலை. எனக்குத் தெரியும், மிட்டாய் வீசுற சுகத்துல இறங்க மனசு வரலை."

கடையே சிரித்தது. மார்னியும் சிரித்தபடி தன் துண்டில் முள்கரண்டியைக் குத்தினாள்.

"நான்தான் நிறுத்த வேண்டாம்னு சொல்லியிருந்தேன்," என்றார் லைல்.

டார்லீனின் கத்தி நின்றது. "நீ யார்கிட்ட சொன்னே?"

"அவங்ககிட்ட." லைல் கோப்பையைக் கீழே வைத்தார். "வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு அவங்ககிட்டதான் போயிட்டிருக்கேன். ஜனவரியிலேர்ந்து. நடுவுல நின்னா மறுபடி கிளம்ப மாட்டேன்னு சொல்லியிருந்தேன். அதான் நிறுத்தலை. அதான் அங்கயும் சொல்லலை. எனக்கு இப்பத்தான் தெரியுது."

மார்னி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உரிமம் கையில் கிடைத்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு பெருமையாக இல்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு மெல்ல மறுபடி கிளம்பியது. யாரோ லைலின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். டார்லீன் காபிக் கெண்டியோடு வந்து, நிறைந்திருந்த மார்னியின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். குனிந்து, அந்தக் கடையில் அவள் இதுவரை பேசியிராத சன்னமான குரலில் கேட்டாள்.

"கண்ணு, வியாழக்கிழமை மூணு மணி காலியா இருக்கா?"

மார்னி நிமிர்ந்து பார்த்தாள். தூக்கம் வராத மூன்று இரவுகள் அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தன.

"இங்க வேண்டாம். திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க, பேசலாம்."

"ஊரே பாக்குமே. பின்வாசல் ஒண்ணு இருக்குல்ல?"

லைல் நாற்காலியிலிருந்து எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் அது விழுந்துவிட்டது.

"முன்வாசல்லயே போங்க, டார்லீன்," என்றார். "நானும் இனிமே அந்த வழியாத்தான் போகப்போறேன்."